கேட்டே வளர்ந்த பாட்டு: திருவையாறு முதல் மயிலாடுதுறை வரை

திருவையாற்றில் காலையில் பேருந்து ஏறி, கும்பகோணத்தில் மாறி, காவிரியை ஒட்டியே கிழக்கே போனால் மயிலாடுதுறை சுமார் 70 கிலோமீட்டர். எங்கும் இறங்காவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் சங்கீதத்தில் கொஞ்சமாவது பற்றுள்ளவர்களால் அப்படிப் போக முடியாது. வழியில் வரும் ஊர்ப் பெயர்ப் பலகைகளில் பாதி, கச்சேரி அழைப்பிதழ்களில் வித்வான்களின் பெயருக்கு முன்னால் அச்சாகிவந்த பெயர்கள். உமையாள்புரம், திருவிடைமருதூர், திருக்கோடிகாவல், திருவாவடுதுறை என்று வரிசையாக வரும்.

ஒரு பாடகரை உருவாக்கியவர்கள் யார் என்று கேட்டால் குருமார்களின் பெயர்கள் வரும். சிட்சை, குருகுலம், பரம்பரை என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் ஏறாத ஆசிரியர்களும் உண்டு. பக்கத்துக் கோயிலில் வாசித்தவர், இராத்திரிப் புறப்பாட்டில் காதில் விழுந்தவர், அடுத்த தெருவில் சாதகம் செய்தவர் என்று அவர்கள் பலர். ஒருவருடைய சங்கீதப் பார்வையை இவர்கள்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரின் பாட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு இந்தச் சாலையில் போனால் இது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

திருவையாற்றிலிருந்தே தொடங்கலாம். தியாகராஜர் 1847-இல் மறைந்தார். காவிரிக் கரையில் இன்று நாம் காணும் சமாதி ஆலயத்தை 1920-களில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் கைப்பொருளைப் போட்டு எழுப்பிய அந்த அம்மாளின் சமாதியும் அருகிலேயே இருக்கிறது. தியாகராஜ ஆராதனை நாளில் ஆயிரக்கணக்கானோர் கூடிப் பஞ்சரத்தினம் பாடுவதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த நாளை விடியற்காலையில் தொடங்கிவைப்பது நாகஸ்வரம் என்பதை நேரில் வந்தவர்கள்தான் அறிவார்கள்.

தியாகராஜரின் கீர்த்தனைகள் நமக்கு வந்த பெரிய வழிகள் மூன்று: வாலாஜாபேட்டை, தில்லைஸ்தானம், உமையாள்புரம். தில்லைஸ்தானம் திருவையாற்றை ஒட்டியே இருக்கிறது. உமையாள்புரம் கும்பகோணம் போகும் வழியில், கபிஸ்தலத்துக்குப் பக்கம். வாழைத் தோட்டமும் நெல் வயலும் மாறி மாறி வரும் சாலை அது. அந்த ஊரைச் சேர்ந்த கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் என்ற சகோதரர்கள் தியாகராஜரிடம் நேரே கற்றவர்கள். அவர்களிடம் பாடம் கேட்டவர் உமையாள்புரம் சுவாமிநாத ஐயர் (1867–1946). அவரிடம் பாடம் கேட்டவர்கள் மகாராஜபுரம் விசுவநாத ஐயரும் செம்மங்குடியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 2003 வரை வாழ்ந்த செம்மங்குடிக்கும் தியாகராஜருக்கும் இடையில் இரண்டே தலைமுறை ஆசிரியர்கள்தான். நூற்றைம்பது ஆண்டுச் சங்கீதம் மூன்று நான்கு பேர் வாய் வழியாகவே வந்திருக்கிறது.

இந்த ஊரின் பெயரை இன்று உலகெங்கும் கொண்டுபோயிருப்பவர் மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன். அவருக்கு நான்கு குருமார்கள்: ஆறுபாதி நடேச ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், பாலக்காடு மணி ஐயர், கும்பகோணம் ரங்கு ஐயங்கார். ஒருவரிடமே முழுவதும் கற்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தக் காலத்திலும் இருந்ததில்லை. செம்மங்குடிக்கும் குரு ஒருவர் மட்டும் இல்லை.

கும்பகோணத்தில் 1926-இல் செம்மங்குடி தன் முதல் கச்சேரியைப் பாடினார். வயது பதினெட்டு. அடுத்த ஆண்டே சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டில் பாடும் வாய்ப்பு வந்தது. இத்தனைக்கும் அவர் சாரீரம் இனிமையானது என்று சொல்லிவிட முடியாது. கரகரப்பானது, மூக்கடைத்தாற்போல ஒலிப்பது. அசுர சாதகம் செய்து அந்தக் குரலை அவர் வழிக்குக் கொண்டுவந்தார். குரல் கொடுக்காததை வேறு எங்கிருந்தோ அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அது எங்கே என்பதற்கு இந்தச் சாலை விடை சொல்கிறது.

கும்பகோணத்திலிருந்து தென்கிழக்கே சற்று விலகினால் நாச்சியார்கோயில். குத்துவிளக்குக்கும் கல் கருடனுக்கும் பேர்போன ஊர். ராஜம், துரைக்கண்ணு என்ற நாகஸ்வர சகோதரர்கள் இங்கே இருந்தார்கள். ஆந்திராவின் கரவதி கிராமத்தில் 1924-இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தஞ்சாவூர் பாணியைக் கற்பதற்காக இவர்களைத் தேடி வந்தார். வீட்டில் தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பம் அவருடையது. வாத்தியம் கையில் இருந்தது, வாசிக்கவும் தெரிந்தது; ஆனால் அவர் மனத்தில் குடியேறியிருந்த பாணி காவிரிக் கரையுடையது. திருவாவடுதுறை நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பே தன் லட்சியம் என்று வாழ்ந்தவர் அவர். பிற்காலத்தில் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். 1998-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்கு வந்தது. பார்வையை மாற்றிக்கொள்வதற்காக ஒருவர் ஊரையே மாற்றிக்கொண்ட கதை இது. தமிழ்நாட்டுக் கோயில் மரபு அவருக்குப் பட்டிருக்கும் கடனைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம்.

திரும்பி வந்து மயிலாடுதுறைச் சாலையைப் பிடித்தால் திருவிடைமருதூர். மகாலிங்க சுவாமி கோயிலின் நீண்ட பிராகாரத்தில் நடந்துவிட்டு வெளியே வந்து தேரோடும் வீதிகளை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் அகலமான வீதிகள். தைப்பூசம் இங்கே பெரிய திருவிழா. சுவாமி புறப்பாட்டில் முதலில் கம்பீர நாட்டையில் மல்லாரி. பிறகு வீதிக்கு வீதி ராக ஆலாபனை. சுவாமி ஒரு முனையில் நின்றுவிட்டால் அங்கேயே ஒரு மணி நேரம் ராகம் ஓடும். முன்னே வாசிப்பவருக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. பின்னே நடப்பவருக்கு டிக்கெட் இல்லை. மூன்று மணி நேரக் கச்சேரியில் தோடிக்கு இருபது நிமிடம் ஒதுக்கும் பாடகர் எங்கே, இரவு முழுவதும் ஒரே ராகத்தை வளர்த்துக்கொண்டு போகும் நாகஸ்வரக்காரர் எங்கே! இந்த வீதிகளில் பிள்ளையாக நடந்த ஒருவர் பின்னாளில் பாட உட்கார்ந்தால், ராகம் என்பது எவ்வளவு பெரியது என்ற அளவு அவர் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கும்.

செம்மங்குடிக்குக் கோட்டுவாத்தியக் கலைஞர் ஒருவர் குருவாக அமைந்ததும் இதே ஊரில்தான். திருவிடைமருதூர் சகாராம ராவ் அவர். கோட்டுவாத்தியத்தில் வீணையைப் போல மெட்டுகள் கிடையாது. ஒரு கட்டையைத் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போய்த்தான் ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போகும் பாதை முழுவதும் காதில் கேட்கும். எதையும் மறைக்க முடியாது. செம்மங்குடியின் கரகரப்ரியாவைக் கேட்டவர்கள், ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இழைந்து போகும் அந்தக் குழைவைச் சகாராம ராவின் விரல்களோடு சேர்த்து நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

இந்த ஒரே ஊர் தந்த இன்னும் இருவரைச் சொல்லாமல் நகர முடியாது. நாகஸ்வரத்தில் திருவிடைமருதூர் வீருசாமி பிள்ளை. புல்லாங்குழலில் மாலி என்ற டி.ஆர். மகாலிங்கம். 1926-இல் இங்கே பிறந்த மாலி, ஏழு வயதில் மயிலாப்பூரில் மேடையேறினார். அதுவரை துளைகளில் தட்டித் தட்டி வாசித்த குழலை, விரல் பிடிப்பையும் ஊதும் முறையையும் மாற்றிப் பாட வைத்தார். வாய்ப்பாட்டின் கமகம் முழுக்கக் குழலில் வந்தது அவரால்தான். அவருக்குப் பிறகு குழல் எடுத்தவர்கள், அவரிடம் கற்ற என். ரமணியிலிருந்து நேரில் பார்க்காதவர்கள் வரை, எல்லோரும் அவர் வழியில்தான் வாசிக்கிறார்கள். பாட்டு வாத்தியத்திலிருந்து எடுத்துக்கொண்ட ஊரிலேயே, வாத்தியமும் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது.

ஆடுதுறையில் இறங்கி வடக்கே திரும்பினால் காவிரிப் பாலம். அக்கரையில் சூரியனார்கோயில், கஞ்சனூர் என்று நவக்கிரகச் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அந்தக் கூட்டம் திருக்கோடிகாவலுக்கு அவ்வளவாக வருவதில்லை. ஆனால் சங்கீத யாத்திரை போகிறவர்களுக்கு இதுதான் முக்கியமான நிறுத்தம். பிடில் கிருஷ்ணையர் (1857–1913) வாழ்ந்த ஊர். தென்னிந்தியாவில் வயலினைப் பக்கவாத்தியமாக நிலைநிறுத்திய பெரியவர்களில் ஒருவர். அவர் தங்கை மகன்தான் செம்மங்குடி. 1908 ஜூலை 25-ஆம் தேதி தாய்மாமன் ஊரான இந்தத் திருக்கோடிகாவலிலேயே பிறந்தார். மாமா மறையும்போது பையனுக்கு ஐந்து வயது. அவரிடம் உட்கார்ந்து கற்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த வீட்டின் சங்கீதம் உறவினர் நாராயணசுவாமி ஐயர் வழியாக வந்து சேர்ந்தது. அவரும் வயலின் வித்வான்.

இந்தக் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டு கற்ற இன்னொரு பையனும் உண்டு. அவர்தான் முன்பு சொன்ன ராஜரத்தினம். 1898-இல் திருமருகலில் பிறந்து, பிறகு திருவாவடுதுறையின் பெயரைத் தாங்கியவர். ஆக, ஒரே வயலின் வித்வானின் நிழலிலிருந்து ஒரு பக்கம் பெரிய பாடகரும் மறு பக்கம் பெரிய நாகஸ்வரக்காரரும் வந்திருக்கிறார்கள். ராஜரத்தினத்தின் ஆலாபனையில் பாட்டின் நயம் எப்படி அத்தனை இயல்பாக வந்தது என்று வியப்பவர்கள், அவர் முதலில் பாடக் கற்றவர் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். நாகஸ்வரம் அதற்குப் பிறகு வந்தது, அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம்.

மறுபடி தெற்குக் கரை. அடுத்தது நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்யும் ஆசாரிமார்களின் ஊர். பட்டறை என்றால் பெரிய கூடம் என்று நினைக்க வேண்டாம். வீட்டோடு சேர்ந்த கொட்டகைதான். ஓரமாக அடுக்கிக் கிடக்கும் கட்டைகள் பழைய வீடுகளை இடித்தபோது வாங்கியவை. உத்தரமாகவும் தூணாகவும் ஐம்பது, நூறு ஆண்டு கிடந்து ஈரம் முழுவதும் போன ஆச்சா மரம். புது மரம் வெடிக்கும், வளையும். அந்தக் கறுத்த கட்டையைக் கடைசலில் பொருத்திச் சுற்றவிட்டு, உளியை வைத்ததும் செம்பழுப்பு நிறத்தில் சுருள் சுருளாகச் செதில் விழுகிறது. மேலே குறுகிக் கீழே விரிந்து போகும் கூம்பு உள்ளே அமைய வேண்டும். அதில் ஒரு நூல் தவறினாலும் ஸ்ருதி ஒத்துக்கொள்ளாது. பிறகு விரலுக்கு ஏழு துளைகள். அதற்குக் கீழே இன்னும் ஐந்து. அவற்றைத் தேவைக்கேற்ப மெழுகால் அடைத்து ஸ்ருதியைச் சரிசெய்வார்கள். அடியில் விரிந்த வாயான அணசு, மேலே ஊதுவதற்கான சீவாளி. சீவாளிக்கு வேண்டிய நாணலும் இந்த ஆற்றங்கரைப் பொருள்தான்.

வாத்தியம் வாங்க வந்தவர் சீவாளியை உதட்டில் நனைத்துப் பொருத்திக்கொண்டதும், ஆசாரி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்.

“மத்திமம் நேரா வருதா பாருங்க தம்பி.”

“வருதுங்க ஆசாரி. நிஷாதம்தான் கொஞ்சம்...”

“அதெல்லாம் ரெண்டு நாள் ஊதுனா சரியாப் போயிடும். மத்திமத்தைப் பாருங்க.”

அந்த மத்திமத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. முன்பு எல்லோரும் வாசித்தது திமிரி நாகஸ்வரம். நீளம் குறைவு, ஸ்ருதி அதிகம். அதில் சுத்த மத்திமம் தானாக வராது. மூச்சை அடக்கி, உதட்டால் பிடித்துக் கொண்டுவர வேண்டும். சுத்த மத்திமம் வரும் தோடியையும் கரகரப்ரியாவையும் மணிக்கணக்கில் வாசிக்க ஆசைப்படுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல்! ராஜரத்தினத்துக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளத்தைக் கூட்டி, துளைகளின் இடத்தை மாற்றி, பாரி நாகஸ்வரத்தைச் செய்துகொடுத்தார். ஸ்ருதி இறங்கியது, நாதம் கனத்தது, சுத்த மத்திமம் நேராக வந்தது. இன்று வாசிக்கப்படுவது பெரும்பாலும் அந்தப் பாரிதான். ஒரு வித்வானின் பார்வையை உருவாக்கியவர்கள் வரிசையில் ஒரு தச்சரின் பெயரையும் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ரொம்ப நாளைக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டியது.

பக்கத்திலேயே திருவாவடுதுறை. கோமுக்தீசுவரர் கோயிலும் ஆதீன மடமும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கின்றன. தமிழுக்கும் சங்கீதத்துக்கும் சேர்த்துச் சோறு போட்ட மடம் இது. மகா வைத்தியநாத ஐயரின் பெயரிலுள்ள ‘மகா’ இந்த ஆதீனம் கொடுத்த பட்டம். உ.வே. சாமிநாதையர் பாடம் கேட்டதும் இங்கே. அந்த மடத்தின் ஆஸ்தான வித்வானாக இருந்தவர் ராஜரத்தினம். 1947 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில் நேருவிடம் செங்கோல் கொடுக்க ஆதீனத்தின் சார்பில் போனவர்களோடு நாகஸ்வரம் வாசிக்கப் போனவரும் அவர்தான்.

அவர் வாசிப்பைப் பற்றிப் பேசும்போது தோடி என்ற ஒரு ராகத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். அது போதாது. நாகஸ்வரக்காரர் என்றால் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும், தள்ளி இருக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், பாடகருக்குக் கிடைக்கும் மரியாதை எனக்கும் வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கினார். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தார், ஷெர்வானி அணிந்தார். ஸ்ருதிக்கு ஊதும் ஒத்துக்குப் பதிலாக ஸ்ருதிப் பெட்டி வைத்துக்கொண்டார். 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். அவரிடம் கற்ற காருகுறிச்சி அருணாசலம் ‘கொஞ்சும் சலங்கை’யில் வாசித்ததை நாடே கேட்டது. ராஜரத்தினம் 1956 டிசம்பர் 12 அன்று மறைந்தார். அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கடைசிவரை வரவில்லை. அவர் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த பாடகர்கள் பலருக்கு அது வந்தது. இந்த அநியாயத்தைச் சங்கீத உலகம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

பாடகர்கள் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள்? இதற்கு ஜி.என். பாலசுப்பிரமணியத்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1910-இல் மயிலாடுதுறைக்கு அருகே கூடலூரில் பிறந்தவர். வளர்ந்தது சென்னையில், தந்தை தலைமையாசிரியராக இருந்த திருவல்லிக்கேணியில். ஆங்கில இலக்கியத்தில் ஹானர்ஸ் பட்டம் பெற்றவர். முறையான குருகுலவாசம் என்று பெரிதாக இல்லை. கச்சேரியின் கட்டுக்கோப்பில் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை மானசீக குருவாக ஏற்றுக்கொண்டார். ராக ஆலாபனைக்கு அவர் காது போனது ராஜரத்தினத்திடம். தாரஸ்தாயியில் மின்னல் வேகத்தில் உதிர்ந்து விழும் அந்தப் பிருகாக்கள் மனிதத் தொண்டையின் வழக்கமான பாஷை இல்லை; சீவாளியின் பாஷை. ஜி.என்.பி. அதைத் தொண்டைக்குக் கொண்டுவந்தார். அவரிடமிருந்து எம்.எல். வசந்தகுமாரிக்கும், அவரிடமிருந்து சுதா ரகுநாதனுக்கும் போயிருக்கிறது. இன்று சபாவில் இளம் பாடகி ஒருவர் பிருகா போடும்போது கைதட்டுகிறவர்கள், திருவாவடுதுறை வீதியில் ஊதிய மூச்சுக்கும் சேர்த்தே கைதட்டுகிறார்கள்.

செம்மங்குடி எடுத்துக்கொண்டது வேறு. அவர் குரல் அந்த வேகத்துக்கு ஒத்துழைக்காது. ராகத்தைப் படிப்படியாகக் கட்டி எழுப்புவதையும், ஒரு ஸ்வரத்தில் நின்று அதைச் சுற்றிச் சுற்றி வருவதையும் நாகஸ்வரத்திலிருந்து எடுத்துக்கொண்டார். நாகஸ்வரம் கேட்காமல் ராகம் பாட வராது என்பது அவர் தலைமுறைப் பாடகர்களின் பொதுவான எண்ணம். தாளப் பக்கத்திலும் இதே கதைதான். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தில் தவிலின் சாயல் உண்டு என்பது லயக்காரர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலைக் கேட்டுவிட்டு எந்த மிருதங்கக்காரராலும் பழையபடி வாசிக்க முடிந்திருக்காது.

குத்தாலம் தாண்டி மயிலாடுதுறை. இங்கே கோபாலகிருஷ்ண பாரதியின் நினைவு. ‘நந்தனார் சரித்திரம்’ எழுதிய பாரதியிடம் இளைஞரான உ.வே.சா. சில நாள் பாட்டுக் கற்றுக்கொண்டார். சங்கீதம் பிடித்துக்கொண்டால் இலக்கியப் படிப்பு போய்விடும் என்று அவருடைய தமிழாசிரியர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நினைத்ததால் அது நின்றது. அதே பாரதி ஒருமுறை திருவையாறு போய்த் தியாகராஜரைப் பார்த்ததையும், அங்கே சீடர்கள் பாடக் கேட்ட ஆபோகி ராகத்தில் தானும் ஒரு பாட்டு இயற்றியதையும் உ.வே.சா. எழுதிவைத்திருக்கிறார். சிட்சை இல்லை, சீடன் என்ற உறவும் இல்லை. ஒரு தடவை கேட்டது போதுமாக இருந்தது.

இந்த வழியில் போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோயில்கள் மத்தியானம் 12 மணியிலிருந்து 4 மணி வரை பெரும்பாலும் நடை சாத்தியிருக்கும். நரசிங்கம்பேட்டைப் பட்டறைகளை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ரயிலும் உண்டு; திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கம்பேட்டை, குத்தாலம் என்று எல்லாம் அந்தத் தடத்திலேயே வருகின்றன. திருக்கோடிகாவலுக்கு மட்டும் ஆடுதுறையிலிருந்து பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். மார்கழிக்குச் சென்னை போகிறவர்கள், தை பிறந்ததும் ஒரு வாரம் ஒதுக்கிக்கொண்டு இங்கே வாருங்கள். திருவையாற்று ஆராதனையும் திருவிடைமருதூர் தைப்பூசமும் பெரும்பாலும் சில வார இடைவெளிக்குள் வரும். புறப்பாட்டில் சுவாமியைத் தரிசித்துவிட்டு உடனே வீடு திரும்பாதீர்கள். நாகஸ்வரக்காரருக்குப் பின்னால் நான்கு வீதியும் நடந்து, அவர் ராகத்தை முடிக்கும்வரை நின்று கேளுங்கள். கூடவே பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.